எச்.ஐ.வி.யும் ஓயாத அழற்சியும்: ஓர் எளிய விளக்கம்

ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து சிகிச்சை) மையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுபவர்களுக்கு, சில வருடங்கள் போன பிறகு ஒரு சந்தேகம் வரும். "வைரல் லோடு டெஸ்டில் வைரஸே தெரியவில்லை என்கிறார்கள். சிடி4 நன்றாக ஏறிவிட்டது. அப்புறம் எதற்கு கொலஸ்ட்ரால் பார், பிரஷர் பார் என்கிறார்கள்? எச்.ஐ.வி.க்கும் மாரடைப்புக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது. நாள்பட்ட அழற்சிதான் அது.

எச்.ஐ.வி. பற்றி நமக்குச் சொல்லித்தரப்பட்டது இவ்வளவுதான்: வைரஸ் சிடி4 செல்களை (டி செல் எனப்படும் வெள்ளணுக்களில் ஒரு வகை) கொல்கிறது, எதிர்ப்புச் சக்தி குறைகிறது, மற்ற நோய்கள் உள்ளே புகுந்துவிடுகின்றன. இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இது பாதிதான். எச்.ஐ.வி. உள்ள உடலில் எதிர்ப்பு மண்டலம் ஒரு பக்கம் தேய்ந்துகொண்டிருக்கும்போதே, இன்னொரு பக்கம் இரவு பகலாக வேலை செய்துகொண்டும் இருக்கிறது. அந்த ஓயாத வேலைதான் அதன் தேய்மானத்துக்கே ஒரு முக்கியக் காரணம். இந்தப் பாதியைப் பற்றி ஓ.பி.யில் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. கூட்டத்தில் அதற்கு நேரமும் கிடைப்பதில்லை. தினமும் மாத்திரை போடுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அழற்சி என்பது என்ன?

காலில் முள் குத்திவிட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் சிவந்து, வீங்கி, தொட்டால் சுடுகிறது, வலிக்கிறது. கிருமி நுழைந்த இடத்தில் உள்ள வெள்ளணுக்கள் ரசாயனச் செய்திகளை வெளியிடுகின்றன. ரத்தக் குழாய்கள் விரிகின்றன. இன்னும் நிறைய வெள்ளணுக்கள் ரத்தத்திலிருந்து இறங்கி அங்கே குவிகின்றன. புண் பெரிதானால் தொடை இடுக்கில் நெறி கட்டும். அங்குள்ள நிணநீர்க் கணுவில் அந்தக் கிருமிக்கு எதிரான செல்கள் பெருகுவதால்தான் அது வீங்குகிறது.

அந்த ரசாயனச் செய்திகளுக்கு சைட்டோகைன் என்று பெயர். அதில் இன்டர்லியூக்கின்-6 என்ற ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும். அது ரத்தம் வழியாகக் கல்லீரலுக்குப் போய், சி.ஆர்.பி. என்ற புரதத்தைச் சுரக்க வைக்கும். காய்ச்சலோடு போனால் டாக்டர் சி.ஆர்.பி. டெஸ்ட் எழுதுவது உடம்பில் எவ்வளவு அழற்சி இருக்கிறது என்று பார்க்கத்தான்.

அழற்சி நமக்கு எதிரி கிடையாது. அது இல்லாவிட்டால் ஒரு சின்னச் சிராய்ப்பு கூட ஆளைக் கொன்றுவிடும். முக்கியம் என்னவென்றால், வேலை முடிந்ததும் அது நிற்க வேண்டும். கிருமி ஒழிந்ததும் 'போதும்' என்று சொல்லும் செய்திகளும் சுரக்கும், பெருகிய செல்களில் பெரும்பகுதி தானாக இறந்துபோகும், நெறி வடியும். அப்படி நிற்காமல், சிவப்பும் வீக்கமும் வெளியே தெரியாத அளவில், மாதக்கணக்கில் வருடக்கணக்கில் நீடித்தால் அது நாள்பட்ட அழற்சி. எச்.ஐ.வி. செய்வது இதைத்தான். அது எப்படி முடிகிறது என்று பார்ப்போம்.

வைரஸும் நம் செல்லும் பயன்படுத்தும் ஒரே சுவிட்ச்

எச்.ஐ.வி. நுழையும் வாசல், சிடி4 செல்லின் மேல்பரப்பில் உள்ள சிடி4 என்ற புரதம். அதோடு பெரும்பாலும் சி.சி.ஆர்.5 என்ற இன்னொரு புரதமும் வேண்டும். உள்ளே நுழைந்த வைரஸ் தன் மரபுப் பொருளை டி.என்.ஏ.வாக மாற்றி, நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே சொருகிவிடும். அதற்குப் பிறகு அது அந்தச் செல்லின் ஒரு பகுதி.

செல் சும்மா உறங்கிக் கிடந்தால் இந்த வைரஸால் பெரிதாகப் பெருக முடியாது. செல் கிளர்ச்சி அடைய வேண்டும். ஒரு சிடி4 செல் கிருமியைக் கண்டு கிளர்ந்தெழும்போது, அதற்குள் என்.எஃப்.-கப்பா-பி என்ற புரதம் உட்கருவுக்குள் போய், அழற்சிக்கான மரபணுக்களை இயக்கிவிடும். எச்.ஐ.வி. தன் மரபுப் பொருளின் தொடக்கத்தில் இதே புரதம் வந்து ஒட்டுவதற்கான இடங்களை வைத்திருக்கிறது. அதாவது, செல் அழற்சியை இயக்க எந்த சுவிட்சைப் போடுகிறதோ, அதுவே வைரஸ் பெருகுவதற்கான சுவிட்சும் ஆகிறது.

உலகின் பல பகுதிகளில் ஆராயப்பட்ட பி வகை எச்.ஐ.வி.யில் இப்படி ஒட்டும் இடங்கள் வழக்கமாக 2 இருக்கும். இந்தியாவில் பெரும்பாலும் காணப்படுவது சி வகை. அதில் வழக்கமாக 3. பெங்களூரில் உள்ள ஜவகர்லால் நேரு ஆய்வு மையத்தில் உதயகுமார் ரங்காவின் குழு, 4 இடங்கள் கொண்ட சி வகை வைரஸ்கள் இந்தியாவில் பரவியிருப்பதைக் கண்டறிந்து 2012-ல் வெளியிட்டது. அழற்சியைப் பயன்படுத்திக்கொள்ளும் திறன் இந்த வைரஸுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆக, உடலில் அழற்சி கூடினால் வைரஸுக்குத் தேவையான கிளர்ந்த செல்கள் நிறையக் கிடைக்கின்றன. வைரஸ் பெருகினால் அழற்சி இன்னும் கூடுகிறது. இந்தச் சுழற்சி பெரிய அளவில் தொடங்கும் இடம் ரத்தம் இல்லை, குடல்.

குடலில் நடப்பது

சிடி4 என்றதும் ரத்தப் பரிசோதனைதான் ஞாபகத்துக்கு வரும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500 முதல் 1500 வரை இருக்க வேண்டும், 200-க்குக் கீழே போனால் எய்ட்ஸ் நிலை என்றெல்லாம் சொல்வார்கள். ஆனால் ரத்தத்தில் சுற்றுவது நம் எதிர்ப்புச் செல்களில் ஒரு சிறு பங்குதான். பெரும்பங்கு குடலின் சுவருக்குள் இருக்கிறது. அதற்கு நியாயமும் இருக்கிறது. நாம் சாப்பிடும் ஒவ்வொரு கவளத்தோடும் வெளியுலகம் உள்ளே வருகிறது. பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. அவற்றுக்கும் நம் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு வரிசை செல்கள். ஒன்றோடொன்று இறுகப் பிணைந்த அந்த ஒற்றை வரிசைதான் குடலின் உள்சுவர்.

அந்தச் சுவரைப் பராமரிக்க, அதற்குக் கீழே ஒரு வகை சிடி4 செல்கள் இருக்கின்றன. டி.எச்.17 என்று பெயர். இவை சுரக்கும் இன்டர்லியூக்கின்-17, இன்டர்லியூக்கின்-22 ஆகியவை, 'பிணைப்பை இறுக்கு, சேதமான இடத்தைச் சரிசெய், கிருமிக்கொல்லிப் புரதங்களைச் சுரந்துவை' என்று சுவரின் செல்களுக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும்.

இந்தக் குடல் செல்கள் ஏற்கெனவே கிளர்ந்த நிலையில் இருப்பவை, மேல்பரப்பில் சி.சி.ஆர்.5 நிறைய வைத்திருப்பவை. எச்.ஐ.வி.க்கு வேறு என்ன வேண்டும்? தொற்று ஏற்பட்ட சில வாரங்களுக்குள்ளேயே குடலின் சிடி4 செல்களில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. குரங்குகளில் இதை 1998-லேயே பார்த்துவிட்டார்கள். மனிதர்களிலும் அப்படித்தான் என்பது 2004-ல் குடல் திசுவை எடுத்துப் பார்த்தபோது உறுதியானது. அந்த நேரத்தில் ஆள் சாதாரணமாக வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். வந்தால் ஒரு வாரம் காய்ச்சல், தொண்டை வலி வந்திருக்கும். ரத்தத்தில் சிடி4 எண்ணிக்கை கூட ஓரளவு தேறியிருக்கும். குடலில் விழுந்த அடி அந்த எண்ணில் தெரியாது.

டி.எச்.17 செல்கள் போனதும் சுவரின் பிணைப்பு தளர்கிறது. உயிருள்ள பாக்டீரியா கூட்டமாக உள்ளே வந்துவிடுகிறது என்று பயப்பட வேண்டாம். வருவது பெரும்பாலும் அவற்றின் துண்டு துணுக்குகள். அதில் எல்.பி.எஸ். என்பது முக்கியமானது, சில வகை பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்ள பொருள் அது. மனித எதிர்ப்பு மண்டலம் எல்.பி.எஸ்.ஸைக் கண்டால் மிரண்டுவிடும். ரத்தத்தில் இது இருக்கிறது என்றால் பாக்டீரியா ரத்தத்துக்குள் வந்துவிட்டது என்றே அது எடுத்துக்கொள்ளும். மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் உடனே இன்டர்லியூக்கின்-6 முதலான செய்திகளை அனுப்ப ஆரம்பிக்கும்.

எச்.ஐ.வி. உள்ளோரின் ரத்தத்தில் எல்.பி.எஸ். அளவு கூடியிருக்கிறது என்பதையும், அது கூடக்கூட எதிர்ப்பு மண்டலத்தின் கிளர்ச்சியும் கூடுகிறது என்பதையும் அமெரிக்காவில் ஜேசன் பிரெஞ்ச்லி, டேனியல் டௌக் ஆகியோரின் குழு 2006-ல் காட்டியது. அதுவரை புரியாமல் இருந்த ஒரு விஷயம் அப்போதுதான் விளங்க ஆரம்பித்தது. வைரஸின் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் இவ்வளவு அழற்சி ஏன் என்று கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. வைரஸுக்கு எதிரான அழற்சியோடு, குடலிலிருந்து கசிவதற்கு எதிரான அழற்சியும் சேர்ந்துகொண்டிருந்தது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

செல்கள் சாகும் விதம்

இன்னொரு புதிர் இருந்தது. எந்த நேரத்தில் எடுத்துப் பார்த்தாலும், ரத்தத்தின் சிடி4 செல்களில் வைரஸ் தொற்றியவை மிகக் குறைவு. ஆனால் சாகும் செல்களோ ஏராளம். தொற்றாத செல்கள் ஏன் சாகின்றன?

சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கிளாட்ஸ்டோன் ஆய்வு நிறுவனத்தில் வார்னர் கிரீனின் குழு 2014-ல் வெளியிட்ட முடிவுகள் இதற்குப் பதில் சொன்னன. நிணநீர்த் திசுக்களில் வைரஸ், உறங்கிக்கிடக்கும் சிடி4 செல்லுக்குள் நுழைகிறது. தன் டி.என்.ஏ.வை எழுத ஆரம்பிக்கிறது. ஆனால் உறங்கும் செல்லில் அந்த வேலை முடியாமல் பாதியில் நின்றுபோகிறது. அரைகுறையாகக் கிடக்கும் அந்த டி.என்.ஏ. துண்டுகளைச் செல் கண்டுபிடித்துவிடுகிறது. கண்டதும் தன்னையே அழித்துக்கொள்கிறது.

நம் உடலில் செல்கள் தங்களை அழித்துக்கொள்வது புதிதில்லை. வழக்கமாக அது சத்தமில்லாமல் நடக்கும். செல் சுருங்கி, துண்டுகளாகி, மற்ற செல்கள் அதை விழுங்கிவிடும். இங்கே நடப்பது வேறு. செல் ஊதி வெடிக்கிறது. உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கொட்டுகிறது, கூடவே இன்டர்லியூக்கின்-1 பீட்டா என்ற கடுமையான அழற்சிச் செய்தியும். பைரோப்டோசிஸ் என்று இந்தச் சாவுக்குப் பெயர். அந்தச் செய்தியைக் கேட்டு அக்கம்பக்கத்திலிருந்து இன்னும் சிடி4 செல்கள் அங்கே வந்து சேர்கின்றன. வந்தவற்றுக்குள்ளும் வைரஸ் நுழைகிறது. அவையும் வெடிக்கின்றன. திசுக்களில் சாகும் சிடி4 செல்களில் சுமார் 95 சதவீதம் இப்படிச் சாகின்றன என்பது அந்தக் குழுவின் கணக்கு. சிடி4 செல்களின் அழிவும் அழற்சியும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இல்லை என்பது இதிலிருந்து தெளிவாகத் தெரிகிறது.

நோய் வராத குரங்குகள்

இதெல்லாம் சரி, அழற்சிதான் காரணம் என்று எப்படி நிச்சயமாகச் சொல்வது? இதற்கு இயற்கையே ஒரு சோதனையை நடத்தி வைத்திருக்கிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் சூட்டி மாங்கபே என்ற குரங்கு இனம் உண்டு. எச்.ஐ.வி.யின் உறவான எஸ்.ஐ.வி. அதற்குக் காலங்காலமாகத் தொற்றி வருகிறது. எச்.ஐ.வி.யின் இரண்டாவது வகையான எச்.ஐ.வி.-2 மனிதனுக்கு வந்ததே இந்தக் குரங்கிடமிருந்துதான். தொற்றிய மாங்கபேயின் ரத்தத்தில் வைரஸ் எக்கச்சக்கமாக இருக்கும், சிகிச்சை எடுக்காத மனிதரிடம் இருக்கும் அளவுக்கு. ஆனாலும் அதற்கு எய்ட்ஸ் வருவது மிக மிக அரிது. சாதாரண ஆயுளோடு வாழ்ந்துவிட்டுப் போகிறது. அதே வகை வைரஸ் ஆசியாவைச் சேர்ந்த ரீசஸ் குரங்குக்குத் தொற்றினால் அது எய்ட்ஸ் வந்து இறந்துவிடுகிறது.

வித்தியாசம் எங்கே என்று தேடினார்கள். மாங்கபேயின் குடலிலும் தொடக்கத்தில் சிடி4 செல்கள் அழியத்தான் செய்கின்றன. முதல் சில வாரங்கள் அழற்சியும் வருகிறது. ஆனால் அதன் உடல் அந்த அழற்சியைச் சீக்கிரமே அடக்கிவிடுகிறது. டி.எச்.17 செல்கள் பிழைத்துக்கொள்கின்றன, குடல் சுவர் கசிவதில்லை. ரீசஸ் குரங்கிலும் மனிதனிலும் அது அடங்குவதில்லை. 2018-ல் மாங்கபேயின் மரபணுத் தொகுப்பை முழுமையாகப் படித்தபோது, எல்.பி.எஸ்.ஸை உணரும் புரதமே அதில் சற்று மாறியிருப்பதும், அதனால் எல்.பி.எஸ்.ஸுக்கு அது அவ்வளவாகப் பதறுவதில்லை என்பதும் தெரிந்தது. வைரஸ் அதே அளவு இருந்தும் ஒரு குரங்கு பிழைக்கிறது, இன்னொன்று சாகிறது. எனக்கு இந்த ஆய்வுத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மனிதர்களிடமும் இதை ஒத்த சான்று உண்டு. சிடி8 என்ற இன்னொரு வகை டி செல்கள் எந்த அளவுக்குக் கிளர்ந்திருக்கின்றன என்பது, நோய் முற்றியவர் எவ்வளவு காலம் வாழ்வார் என்பதை வைரல் லோடைவிடச் சரியாகக் காட்டியது என்று லாஸ் ஏஞ்சல்ஸில் ஜானிஸ் ஜியோர்ஜியின் குழு 1999-ல் எழுதியது. மருந்தே இல்லாமல் வைரஸைத் தாங்களாகவே அடக்கி வைத்திருக்கும் அபூர்வமான சிலர் உண்டு. நூற்றில் ஒருவர் கூடத் தேறமாட்டார்கள். அவர்களிடமும் எச்.ஐ.வி. இல்லாதவர்களைவிட அழற்சி கூடுதலாக இருப்பதும், இதய ரத்தக் குழாய்களில் படிவு கூடுதலாக இருப்பதும் தெரியவந்திருக்கிறது.

'கொஞ்ச நாள் ஓய்வு' கொடுத்துப் பார்த்த ஆய்வு

1996-ல் கூட்டு மருந்து சிகிச்சை வந்தது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸ் அடங்கியது. சாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆனால் அந்தக் கால மாத்திரைகளுக்குப் பக்க விளைவுகள் அதிகம். கொழுப்பு கூடும், கன்னம் ஒட்டிப்போகும், கை கால் எரியும். அதனால் ஒரு யோசனை எழுந்தது. சிடி4 நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்திவைத்து, குறைந்தால் திரும்பத் தொடங்கினால் என்ன? உடம்புக்கும் ஓய்வு, பக்க விளைவும் குறையும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

இதைச் சோதிக்க ஸ்மார்ட் என்ற ஆய்வு 2002-ல் தொடங்கியது. 33 நாடுகளில் 5,472 பேர். ஒரு பாதிப் பேர் மருந்தை விடாமல் எடுத்தார்கள். மறு பாதிப் பேர் சிடி4 350-க்கு மேல் இருக்கும்போது நிறுத்தி, 250-க்குக் கீழே போனதும் மறுபடி தொடங்கினார்கள். 2006 ஜனவரியில் ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. விட்டுவிட்டு எடுத்தவர்களில் 55 பேர் இறந்திருந்தார்கள். விடாமல் எடுத்தவர்களில் 30 பேர்.

இதிலும் எல்லோரையும் உலுக்கியது இன்னொன்று. மருந்தை நிறுத்தினால் எய்ட்ஸ் சார்ந்த நோய்கள் வரலாம் என்று எதிர்பார்த்திருந்தார்கள். அதற்குப் பதிலாக இதயம், சிறுநீரகம், கல்லீரல் சார்ந்த பெரிய நோய்கள் குறையும் என்றுதான் நம்பினார்கள். மருந்தின் பக்க விளைவு இல்லையே. ஆனால் அவையும் கூடிவிட்டன. விடாமல் எடுத்தவர்களில் 39 பேருக்கு வந்தது, விட்டுவிட்டு எடுத்தவர்களில் 65 பேருக்கு வந்தது.

சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். மருந்தை நிறுத்திய ஒரே மாதத்தில் இன்டர்லியூக்கின்-6 சுமார் 30 சதவீதம் ஏறியிருந்தது. ரத்தம் உறைந்து கரைவதைக் காட்டும் டி-டைமர் 16 சதவீதம் ஏறியிருந்தது. எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும், இறந்தவர்களிடம் இந்த இரண்டும் ஏற்கெனவே கூடுதலாக இருந்தன. 2008-ல் இது வெளியான பிறகு, எச்.ஐ.வி. சிகிச்சையில் அழற்சியைப் பக்கவாட்டு விஷயமாக யாராலும் ஒதுக்க முடியவில்லை.

'ஒரு மாதம் மாத்திரையை விட்டேன், உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று சொல்பவர்களை நினைத்துத்தான் இந்த ஆய்வை இவ்வளவு நீட்டி எழுதினேன். அந்த ஒரு மாதத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. ரத்தத்தில் தெரியும்.

மருந்து எடுத்தும் ஏன் முழுதாக அடங்குவதில்லை?

மருந்தை விடாமல் எடுத்தால் அழற்சி பெருமளவு குறைகிறது. இதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பலருக்கு, எச்.ஐ.வி. இல்லாத ஒருவரின் அளவுக்கு அது இறங்குவதில்லை. நீறு பூத்த நெருப்பாக உள்ளே கிடக்கிறது.

முதல் காரணம் குடல். டி.எச்.17 செல்கள் முழு அளவுக்குத் திரும்புவதற்கு வருடங்கள் ஆகும், சிலருக்குத் திரும்புவதே இல்லை. இரண்டாவது, உறங்கும் வைரஸ். நம் டி.என்.ஏ.வுக்குள் சொருகிக்கொண்ட வைரஸை இப்போதுள்ள எந்த மாத்திரையாலும் எடுக்க முடியாது. அப்படிச் சொருகியவற்றில் பெரும்பாலானவை ஊனமானவை, புது வைரஸை உருவாக்க லாயக்கில்லாதவை. ஆனாலும் அவற்றில் சில அவ்வப்போது விழித்துக்கொண்டு துண்டுப் புரதங்களை உண்டாக்கும். தொற்றைப் பரப்ப அது போதாது; எதிர்ப்பு மண்டலத்தைச் சீண்ட அது போதும். மூன்றாவது, கூட இருக்கும் மற்ற வைரஸ்கள். சி.எம்.வி. என்ற வைரஸ் நம் நாட்டில் கிட்டத்தட்ட எல்லோர் உடம்பிலும் சின்ன வயதிலேயே வந்து தங்கிவிடுகிறது. அதை அடக்கி வைக்கவே டி செல்கள் ஏராளமாகச் செலவாகின்றன. கல்லீரல் அழற்சி வைரஸ்களும் காசநோயும் இருந்தால் இன்னும் மோசம்.

நான்காவது காரணம் நிணநீர்க் கணுக்களில் இருக்கிறது. ஆரோக்கியமான கணுவுக்குள் ஒரு மெல்லிய இழை வலைப்பின்னல் உண்டு. டி செல்கள் அதன் மேல்தான் ஊர்ந்து போகின்றன. தாங்கள் உயிரோடு இருக்கத் தேவையான இன்டர்லியூக்கின்-7 என்ற செய்தியை அந்த இழைகளிலிருந்துதான் பெறுகின்றன. கணுவுக்குள் அழற்சி நீடித்தால், அதைத் தணிப்பதற்காகவே உடல் அங்கே கொலாஜனைப் படிய வைக்கிறது. புண் ஆறும்போது தழும்பு வருகிறதே, அதே பொருள்தான். தழும்பு ஏற ஏற, டி செல்களுக்கு இழையைத் தொட வழியில்லாமல் போகிறது. இன்டர்லியூக்கின்-7 கிடைக்காமல் அவை சாகின்றன. செல்கள் இல்லாததால் இழைகளும் நசிகின்றன. வைரஸ் முழுதாக அடங்கியும் சிலருக்கு சிடி4 எண்ணிக்கை 250, 300-லேயே நின்றுவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 'மாத்திரை ஒழுங்காகத்தான் போடுகிறேன், ஏன் ஏறவில்லை?' என்று அவர்கள் குற்ற உணர்வோடு கேட்பதைப் பார்த்தால் கஷ்டமாக இருக்கும். அவர்கள் மீது ஒரு தப்பும் இல்லை. சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே விழுந்த தழும்பு அது.

இந்த மிச்ச அழற்சி இருப்பதால் பிறருக்குத் தொற்றும் என்று பயப்பட வேண்டியதில்லை. வைரல் லோடு கண்டறிய முடியாத அளவில் தொடர்ந்து இருக்கும்வரை, உடலுறவு மூலம் துணைக்கு எச்.ஐ.வி. பரவாது. இதில் மருத்துவ உலகில் இரண்டாவது கருத்து இல்லை.

இதயத்துக்கு வருவோம்

சென்னையில் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது, ஐம்பது வயதுக்கு மேல் வரும் மாரடைப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவையே எழவில்லை. அவ்வளவு காலம் யாரும் வாழ்வார்கள் என்று அன்று நினைக்க வழியில்லை. 2004 ஏப்ரலில் அரசு இலவச கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியது; தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை முதலில் தொடங்கப்பட்ட மையங்களில் ஒன்று. அன்று முப்பதுகளில் மாத்திரை ஆரம்பித்தவர்களுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. பேரப்பிள்ளை எடுத்தவர்களும் உண்டு. அதனால்தான் இந்த விஷயம் இப்போது முன்னுக்கு வருகிறது.

ரத்தக் குழாயின் உட்சுவரும் ஒரு வரிசை செல்கள்தான். ரத்தத்தில் அழற்சிச் செய்திகள் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் அந்தச் சுவர் வழவழப்பை இழக்கும். கிளர்ந்த மோனோசைட்டுகள் அதில் ஒட்டி, உள்ளே புகுந்து, கொழுப்பை விழுங்கி, அங்கேயே தங்கிப் படிவாகும். அதே மோனோசைட்டுகள் ரத்தத்தை உறையவைக்கும் ஒரு புரதத்தையும் மேல்பரப்பில் தாங்கியிருக்கும். படிவு எங்காவது பிளந்தால் அங்கே சட்டென்று ரத்தம் கட்டிவிடும். மாரடைப்பு வருவது அப்படித்தான். எச்.ஐ.வி. உள்ளோருக்கு இந்த அபாயம் மற்றவர்களைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை இருக்கிறது என்பது பல ஆய்வுகளில் வந்த முடிவு. எலும்பு தேய்வது, சிறுநீரகம் பழுதாவது, சில புற்றுநோய்கள் ஆகியவற்றிலும் அழற்சிக்குப் பங்கு உண்டு.

என்ன செய்யலாம்?

எல்லாவற்றையும்விடப் பெரிய பலன் சீக்கிரம் தொடங்குவதில் இருக்கிறது. ஸ்டார்ட் என்ற ஆய்வில், சிடி4 500-க்கு மேல் இருந்த 4,685 பேரில் பாதிப் பேருக்கு உடனே மருந்து கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு 350-க்கு இறங்கும்வரை காத்திருந்தார்கள். உடனே தொடங்கியவர்களுக்குக் கடுமையான நோயும் சாவும் 57 சதவீதம் குறைந்தது. 2015-ல் இது வெளிவந்தது. இந்தியாவும் 2017-ல் சிடி4 எண்ணிக்கைக்காகக் காத்திருக்காமல் எல்லோருக்கும் சிகிச்சை என்று மாற்றிவிட்டது. குடலில் முதல் வாரங்களில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவருக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

அழற்சியை நேரடியாகக் குறைக்கும் மருந்துகளையும் முயன்றார்கள். மலேரியாவுக்கும் மூட்டு வாதத்துக்கும் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் பலன் இல்லை, ஏ.ஆர்.டி. எடுக்காதவர்களுக்கு அதைக் கொடுத்தபோது வைரல் லோடு ஏறியதுதான் மிச்சம். நல்ல செய்தி வந்தது, கொலஸ்ட்ராலைக் குறைக்கக் கொடுக்கும் ஸ்டேட்டின் மாத்திரையிலிருந்து. ரிப்ரீவ் என்ற ஆய்வில், ஏ.ஆர்.டி. எடுக்கும் 40 முதல் 75 வயது வரையிலான 7,769 பேர் பங்கேற்றார்கள். இந்தியாவிலிருந்தும் ஆட்கள் இருந்தார்கள். எல்லோருமே மாரடைப்பு அபாயம் குறைவு அல்லது நடுத்தரம் என்று கணக்கிடப்பட்டவர்கள். வழக்கமான கணக்குப்படி பலருக்கு ஸ்டேட்டின் எழுதவே மாட்டார்கள். பாதிப் பேருக்கு தினமும் 4 மில்லிகிராம் பிட்டாவாஸ்டேட்டின் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் 2023-ல் ஆய்வை முன்கூட்டியே முடித்துவிட்டார்கள்.

புகைப்பதை விடுவது இன்னும் பெரியது. டென்மார்க்கில் 2013-ல் வந்த ஆய்வு ஒன்றில், 35 வயதில் எச்.ஐ.வி. சிகிச்சையில் இருந்துகொண்டே புகைப்பவர்கள், எச்.ஐ.வி.யால் இழக்கும் ஆயுள் சுமார் 5 வருடம் என்றும், புகையால் இழப்பது சுமார் 12 வருடம் என்றும் கணக்கு வந்தது. பீடி சிகரெட்டை விட முடியாமல் தவிப்பவருக்குக் கோபப்படாமல் உதவி செய்ய வேண்டிய இடம் ஏ.ஆர்.டி. மையமேதான் என்பேன்.

காசநோய்த் தடுப்பு மாத்திரையை மையத்தில் கொடுத்தால் தட்டிக்கழிக்காமல் முடித்துவிடுங்கள். பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் வருடத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள். நாற்பது வயது தாண்டியிருந்தால், ஸ்டேட்டின் எனக்குத் தேவையா என்று டாக்டரிடம் நீங்களே கேட்கலாம்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மெடிக்கலில் கொழுப்பு மாத்திரை என்று கேட்டுத் தானாக வாங்கிப் போடாதீர்கள். இரண்டாம் கட்ட ஏ.ஆர்.டி.யில் (முதலில் கொடுத்த மருந்துகள் பலிக்காதபோது மாற்றிக் கொடுப்பது) ரிட்டோனாவிர் கலந்த மருந்து எடுப்பவர்கள் சிம்வாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டினைப் போடவே கூடாது. ரிட்டோனாவிர் அதைக் கல்லீரல் உடைக்கவிடாமல் தடுத்து, ரத்தத்தில் பல மடங்கு ஏற்றிவிடும், தசைகள் சிதையலாம். இதய டாக்டரிடமோ வேறு எந்த டாக்டரிடமோ போகும்போது நீங்கள் எடுக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால், முதலில் ஏ.ஆர்.டி. மையத்திலேயே கேட்டு, எந்த ஸ்டேட்டின் ஒத்துவரும் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போகலாம்.